அன்று விமானி இல்லை! பிறகு விமானம் இல்லை!

"ஆகாசா ஏர்" குறைந்த கட்டண விமானக் கம்பெனி. 2022 ஆகஸ்டு 7-ந் தேதி மும்பையில் இருந்து அகமதாபாத்துக்கு அதன் முதல் விமானம் பறந்தது.

மறு ஆண்டே தலைவலி! 43 விமானிகள் திடீரென்று வேலையை உதறிவிட்டுப் போனார்கள். விமானங்கள் ரத்தாயின. டிக்கெட் வாங்கியவர்கள் தவித்தார்கள். கம்பெனி மும்பை ஐகோர்ட்டுக்குப் போனது.

வேலையை விடுவதானால், துணை விமானி 6 மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தலைமை விமானி ஒரு வருடம். இது 2017-ல் வந்த விதி. சொல்லாமல் போனது தவறுதான். ஆனால், அதுவரை எந்தக் கம்பெனி அவருக்காக வேலையை வைத்திருக்கும்?

2024-ல் நிலைமை தலைகீழ்! போயிங் கம்பெனி விமானங்களை அனுப்பத் தாமதம் ஆயிற்று. வேலைக்குச் சேர்ந்த விமானிகள் பலர் ஓட்ட விமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பறந்த மணிக்கணக்கு ஏறினால்தானே பதவி உயர்வு?

சரி, விலகிவிடலாம் என்றால், அதே 6 மாதக் கெடு!