துப்பாக்கி சிக்கினா முதல் திட்டு யாருக்கு?

1. பிஸ்டல் 'ஜாம்' ஆச்சுன்னா தப்பு யார் மேல? துப்பாக்கி மேலயா, சுட்டவர் மேலயா? அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது எதுக்குன்னு தோணலாம். பொறுமையா படிங்க, உங்க வீட்டு சுகர் மெஷின்ல வந்து நிக்கும். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2. புளியறைக்காரங்களுக்கு பிஸ்டல் கதை புதுசு இல்ல. பக்கத்துல இருக்கற செங்கோட்டைதான் வாஞ்சிநாதன் ஊர். 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சி ரயில் நிலையத்துல கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் பிஸ்டல். அந்தத் துப்பாக்கியைப் பத்தி ஊர்ல எல்லாரும் பேசுவோம். அதுக்கு முன்னாடி புதுச்சேரியில வ.வே.சு. ஐயர் கொடுத்த சுடும் பயிற்சியைப் பத்தி ரொம்பக் கம்மியாத்தான் பேசுவோம். கருவி கண்ணுக்குத் தெரியுது. அதுக்குப் பின்னாடி இருக்கற ஏற்பாடு தெரியறதில்ல. இந்த த்ரெட் முழுக்க அதைப் பத்தித்தான்.

3. அந்த வகை பிஸ்டல் எப்படி வேலை செய்யுது? விசையை அழுத்தினதும் தோட்டா வெடிக்குது. குண்டு முன்னாடி போகுது. அதே வெடியோட உதைப்புல மேல இருக்கற ஸ்லைடு பின்னாடி ஓடி, காலியான கூட்டை வெளியே எறியுது. அப்புறம் ஸ்பிரிங் தள்ளி முன்னாடி வரும்போது மேகசின்ல இருந்து அடுத்த தோட்டாவை எடுத்து உள்ளே வைக்குது. எல்லாம் கண் இமைக்கறதுக்குள்ள. இதுக்குத் தனியா மோட்டார் எதுவும் கிடையாது. அந்த ஒரு வெடியோட சக்தியை வச்சுத்தான் மொத்த வேலையும்.

4. இதைப் பிடிச்சுக்கிட்டா மத்தது எல்லாம் சுலபம். எவ்வளவு சக்தி வருதுங்கறது தோட்டா. அதுல எவ்வளவு கையில வீணாகுதுங்கறது பிடி. எவ்வளவு உரசல்ல வீணாகுதுங்கறது எண்ணெய். பிஸ்டல் சிக்கறதுல பெரும்பகுதி இந்த மூணு கணக்குக்குள்ள அடங்கிரும்.

5. முதல்ல தோட்டா. வெடிமருந்து வலு கம்மியா இருந்தா ஸ்லைடு பாதி தூரம்தான் பின்னாடி போகும். காலிக் கூடு வெளியே விழாம, வாசல்லயே புகைக்கூண்டு மாதிரி நிமிர்ந்து நிக்கும். குண்டோட மூக்கு வடிவமும் முக்கியம். உருண்டை மூக்கு குண்டுக்காகவே வடிவமைச்ச பழைய பிஸ்டல்ல, நுனி குழிஞ்ச குண்டைப் போட்டா உள்ளே ஏறும்போது முட்டி நிக்கலாம். ஈரம் பட்டுப்போன தோட்டா வெடிக்காமலே போகலாம். .22 ரகம் இதுல ரொம்ப நொச்சு. ஒரு துப்பாக்கியில அருமையா ஓடற கம்பெனித் தோட்டா, பக்கத்துத் துப்பாக்கியில சிக்கும். அதனாலதான் போட்டிக்குப் போறவங்க பல பேட்ச் வாங்கி, சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கறாங்க.

6. அடுத்தது பிடி. கிரிக்கெட்ல கேட்ச் பிடிக்கும்போது பந்தோட சேர்த்து கையைப் பின்னாடி வாங்குவோம் இல்லையா? பிஸ்டல்ல அதைச் செஞ்சா கெட்டது. ஸ்லைடு பின்னாடி ஓடணும்னா, கீழே இருக்கற உடம்பு அசையாம நிக்கணும். மணிக்கட்டு தளர்ந்தா முழுத் துப்பாக்கியும் சேர்ந்து பின்னாடி வரும், ஸ்லைடுக்கு ஓட்டம் பத்தாது. அதுக்காக உயிரைக் கொடுத்து இறுக்கினா கை நடுங்கும். கட்டை விரல் ஸ்லைடுக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா தோல் கிழியும், அப்புறம் தையல் போட எங்ககிட்டதான் வரணும்.

7. மூணாவது எண்ணெய். தையல் கடை அண்ணாச்சிக்குத் தெரிஞ்ச விஷயம்தான். மெஷினுக்கு ரெண்டு சொட்டு விட்டா ஓடும், ஊத்தினா துணி பாழ். பிஸ்டல்லயும் எண்ணெய் கம்மியானா உரசல். அதிகமானா புகைக்கரியும் தூசியும் அதுல ஒட்டிக் களிம்பாகி, அதுவே தடையாகும். வழிஞ்ச எண்ணெய் தோட்டாவோட கேப்புக்குள்ள இறங்கினா அது வெடிக்காமலும் போகலாம். எந்த எண்ணெய்ங்கறதும் முக்கியம். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில பாட்டிலைக் கவுத்துப் பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

8. இதோட மேகசினையும் சேர்த்துக்கணும். ஸ்பிரிங் தளர்ந்து, வாய் நெளிஞ்சு போன மேகசின் நல்ல பிஸ்டலையும் கெடுக்கும். நம்ம திருச்சி தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிள் பத்தி 1999 கார்கில் போர்ல வந்த புகார்கள்ல ஒண்ணு, கடுங்குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் வெடிச்சு விரிசல் விட்டதுதான்.

9. கோளாறைக் கண்டுபிடிக்கற முறை, நாங்க நோய் கண்டுபிடிக்கற அதே முறை. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. தோட்டாவை மாத்து, சுடு. சரியாகலையா? அதே தோட்டா, வேற மேகசின். அப்பவும் சரியாகலையா? சுத்தம் பண்ணி அளவா எண்ணெய் விடு. அப்புறம் வேற ஒரு பழகின கையில கொடு. நாலையும் ஒரே நேரத்துல மாத்தினா பிரச்சினை போகலாம், காரணம் தெரியாது. அடுத்த வாரம் திரும்பி வரும்.

10. ஒரு எச்சரிக்கை. விசை அழுத்தியும் வெடிக்கலைன்னா, துப்பாக்கியைத் திருப்பிக் குழலுக்குள்ள எட்டிப் பார்க்கற ஆளுங்க இருக்காங்க. சில தோட்டா தாமதமா வெடிக்கும். அதனால குழலைப் பாதுகாப்பான திசையிலயே வச்சு குறைஞ்சது அரை நிமிஷம் காத்திருக்கணும். 'டப்'புனு சின்ன சத்தம் மட்டும் வந்தா குண்டு குழல்லயே நின்னிருக்கலாம். அதுமேல இன்னொண்ணைச் சுட்டா குழலே வெடிக்கும். போன கண்ணையும் விரலையும் திருப்பிக் கொடுக்க எங்களால முடியாது.

11. இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1960களின் நடுவுல வியட்நாம்ல அமெரிக்கச் சிப்பாய்கள் கையில புது எம்16 ரைஃபிள். சண்டை நடுவுல சிக்கிச்சு. சிக்கின ரைஃபிளோட செத்துப் போனாங்க. மேல இருந்து வந்த முதல் பதில் என்ன தெரியுமா? "சிப்பாய் ஒழுங்கா சுத்தம் பண்றதில்ல."

12. 1967ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிச்சப்போ வேற கதை வெளியே வந்தது. அந்த ரைஃபிளை உருவாக்கிப் பரிசோதிச்சது ஒரு வெடிமருந்தை வச்சு. போர்க்களத்துக்குப் போன தோட்டாவுல இருந்தது வேற மருந்து. அது ரைஃபிளை வேகமா ஓட வச்சது, கரியும் அதிகம். சுத்தம் பண்ற கிட் போதுமான அளவு போய்ச் சேரல. இந்த ரைஃபிளுக்கு சுத்தமே தேவையில்லைங்கற பேச்சு வேற. மருந்தை மாத்தினவங்க ஆபீஸ்ல இருந்தாங்க, பழி காட்டுல நின்ன பையன் மேல விழுந்துச்சு. பிறகு தோட்டா அறைக்குக் குரோமியம் பூசி, கிட் கொடுத்து, படம் போட்ட கையேடும் கொடுத்தாங்க. பெரும்பகுதி சரியாச்சு.

13. நாமளும் குறைஞ்சவங்க இல்ல. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கரோட ஏர் பிஸ்டல் போட்டி நடுவுலயே பழுதாச்சு. சரி பண்றதுக்குள்ள பொன்னான நிமிஷங்கள் போயிருச்சு. 575 புள்ளி எடுத்து 12வது இடம், ரெண்டே புள்ளியில ஃபைனல் போச்சு. 19 வயசுப் பொண்ணு. சோஷியல் மீடியாவுல எவ்வளவு கேலி! அதே பொண்ணுதான் 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கிச்சு.

14. என் கருத்து இதுதான். தோட்டா, பிடி, எண்ணெய் மூணுல, சுடறவன் கையில இருக்கறது பிடி மட்டும்தான். அதுவும் யாராவது சொல்லிக் கொடுத்தா. தோட்டா சப்ளை, எண்ணெய் பராமரிப்பு, ரெண்டும் மேல இருக்கறவங்க பொறுப்பு. ஆனா சிக்கினதும் நாம முதல்ல பார்க்கறது கையைத்தான். கை நமக்குப் பக்கத்துல இருக்கு, பதில் பேசாது.

15. ஆஸ்பத்திரியிலயும் இதே கணக்கு. சுகர் ஸ்ட்ரிப்தான் தோட்டா. இன்ஹேலர் அழுத்தற முறைதான் பிடி. ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோட ஃபில்டரைச் சுத்தம் பண்றதுதான் எண்ணெய். மெஷின் ஓடலைன்னா ராத்திரி டூட்டி நர்ஸைத் திட்டறது சுலபம். அந்த ஃபில்டரை யார், எப்போ பார்த்தாங்கன்னு பதிவேட்டைப் புரட்டறது கஷ்டம். கஷ்டமானதைத்தான் முதல்ல செய்யணும். எந்த அரசுத் துறையா இருந்தாலும் ஒருத்தருக்கு மெமோ கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. என்ன சப்ளை பண்ணினோம்? யார் பழக்கினாங்க? யார் பராமரிச்சாங்க? மூணுக்கும் பதில் சரியா இருந்து, அப்பவும் தப்பு நடந்திருந்தா, தாராளமா நடவடிக்கை எடுங்க.

16. வீட்டுக்கும் இதே. சுகர் திடீர்னு 350 காட்டுதா? பதறி மாத்திரையைக் கூட்டாதீங்க, மெஷினையும் தூக்கி எறியாதீங்க. ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்து கிடந்துச்சா பாருங்க, சாரல் சீசன் ஈரத்துல ஸ்ட்ரிப் கெடும். தேதி பாருங்க. குற்றாலத்துல ரம்புட்டான் உரிச்ச விரலைக் கழுவாம குத்தினா, மெஷின் பழத்தோட சர்க்கரையையும் சேர்த்துத்தான் காட்டும். கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுட்டு புது ஸ்ட்ரிப்ல இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் 350னா, அல்லது தலைசுத்தல், வாந்தி, மூச்சு வாங்கல் இருந்தா, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

17. இன்ஹேலர் 'வேலை செய்யல'ன்னு தோணினாலும் நீங்களா நிறுத்திடாதீங்க. கையோட எடுத்துட்டு வாங்க. எங்க முன்னாடி ஒரு தடவை அழுத்திக் காட்டுங்க. பாதிப் பேருக்கு மேல அங்கேயே விஷயம் விளங்கிரும், மருந்தை மாத்தவே வேண்டியிருக்காது.