கூலி சமமாயிற்று, பொழுது சமமாகவில்லை

1996ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வறண்டபோது, மின்சாரத்தைச் சிக்கனம் பண்ணும்பொருட்டு இலங்கை அரசாங்கம் மே மாதத்தில் தேசத்தின் கடிகாரங்கள் யாவற்றையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்தது. ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. எஞ்சிய அரை மணி 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் ஜனங்களுக்கு மீண்டது. பிள்ளைகள் இருட்டிலே பாடசாலைக்குப் புறப்பட வேண்டியிருக்கிறதே என்று தாய்மார் அந்நாட்களில் முறையிட்டதை ஊவா மலைகளில் இன்னும் பலர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய காலத்தை இன்னொருவர் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்திலும் அப்படியே: அஸ்ஸாம் தோட்டங்களில், இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய ‘பகான் நேரம்’ என்றே தனியாக ஒரு நேரம் வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு வழங்கி வந்திருக்கிறது.

நேரத்தை எப்படிப் பகிர்ந்து சமநிலையோடு வாழ்வது என்று போதிக்கும் நூல்களும் பயிலரங்குகளும் இப்போது மலிந்திருக்கின்றன. வைகறையில் எழு, அன்றைய கருமங்களை வரிசைப்படுத்து, வேலைக்கும் குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் பங்கு பிரி என்று அவை சொல்லும் உபதேசம் தன்னளவில் நல்லதே. ஆனால் பசறை, ஹாலிஎல, நமுனுகுல, ஹப்புத்தளைப் பக்கத்து லயங்களில் வாழும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் முன்னே நின்று அதைச் சொல்ல எனக்கு நாணமாயிருக்கிறது. நாலு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, அது வேகும் இடைவெளியில் மகளுக்குத் தலைவாரி, பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கைச் சுற்றிக் கூடையை மாட்டிக்கொண்டு, காலைப் பெயர்ப்பதிவான பெரட்டுக்குப் போய்ச் சேருகிறவளுக்கு நேரத்தின் அருமையை யார் கற்பிப்பது? அந்த வித்தையில் அவள் நமக்கெல்லாம் ஆசிரியை. அவளிடம் இல்லாதது, பங்கு பிரிப்பதற்கு அவளுடையதென்று சொல்லத்தக்க ஒரு மணித்தியாலம்.

முந்திய தலைமுறையில் தப்புப் பறையின் சத்தமே லயத்தின் துயிலெழுப்பும் மணியாயிருந்தது. தப்பு ஓய்ந்தது, கங்காணியின் தோரணையும் மாறிற்று, 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போயிற்று, எனினும் பொழுதின் கணக்கு மாறவில்லை. காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று நிறுவைகளாலேயே அவளுடைய பகல் பிரிக்கப்படுகிறது. தோட்டத்துப் பாஷையிலே ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த கிலோ சேர்ந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். எட்டு மணித்தியாலம் சரிவிலே நின்றவளுக்கும், கச்சான் காற்று வீசிக் கொழுந்து சுருங்கிய தினத்தில் அரைப்பேர் விழுந்துவிடக்கூடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த உலர்ந்த காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பிரசித்தமான வாசனை ஏறுகிறதென்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டிலே மலையகமெங்கும் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாகத் தோட்டத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி கிடைத்தது. அது சாமானியமான வெற்றியன்று. அதுவரை ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்தவர்களுக்கு இருவேறு கூலி இருந்தது. ஆயினும் கூலியில் வந்த சமத்துவம் பொழுதில் வரவில்லை. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக்குத்துதல் முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவு வைத்துக் கொடுக்கப்படுகிறவை; அளவு முடிந்தால் பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ அவர்கள் வீடு திரும்பலாம். அவளோ அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு, நாலரைக்கோ ஐந்துக்கோ இறங்கி வந்து, விறகும் தண்ணீரும் சோறும் பாத்திரமும் பிள்ளையின் பாடமுமாக இரவு பத்து மணி வரைக்கும் இரண்டாம் பெரட்டுக்கு நிற்கிறாள். இந்த இரண்டாம் பெரட்டுக்கு அரைப்பேரும் இல்லை.

ஆண்கள்மேல் பழி போடுவது என் நோக்கமன்று. அவர்களுடைய உழைப்பும் எலும்பை வளைப்பதே. பிற்பகலில் மரக்கறிப் பாத்தியிலும் மாட்டுக் கொட்டிலிலும் மறுபடி வியர்வை சிந்துவோர் அநேகர். சாராயக் கடை வாசலிலே அந்தப் பிற்பகலைத் தொலைப்போரும் உண்டு. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஆனால் இருவகையினரும் அந்த மூன்று மணித்தியாலங்களைத் தமக்குச் சொந்தமானவையாகக் கொள்கிறார்கள். அடுப்பங்கரை அவற்றின்மேல் உரிமை கோரலாம் என்ற எண்ணமே எழுவதில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு தழுவி நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும், கூலியில்லாத வீட்டு வேலையின் பெரும்பாரம் பெண்களிடமே இருக்கிறதென்று காட்டிற்று. தோட்டத்திலே அந்தப் பாரம், முழுநாட் கூலிவேலைக்கும் மேலே ஏற்றப்படுகிறது.

நம்முடைய தொழிற்சங்கங்கள் ரூபாவுக்காகப் போராடியிருக்கின்றன. நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. அந்த விவாதங்களிலே அதிகம் அடிபட்டவை ரூபாவும் கிலோவுமே. லயத்து வாசலுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வருமானால் அவளுக்கு எத்தனை நிமிஷம் மீளும், பிள்ளைக்காம்பரா மாலையில் இன்னும் சற்று நேரம் திறந்திருந்தால் எவ்வளவு பதைப்பு அடங்கும் என்ற கணக்கும் கூலிக் கணக்கே என்பது என் அபிப்பிராயம். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவர்கள் இதை எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

ஆயினும் கம்பெனியும் அரசாங்கமும் சம்மதிக்கும்வரை காத்திராமல், நாளைக்கே நடக்கக்கூடியது ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கிறவளின் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தால், தாயின் களைப்பு அவளுடைய படிப்பின்மேல் விழுகிறது. தாய் வருமுன் சோறு வடிக்கப் புத்தகத்தை மூடுகிறவள் அவளே. ஆகையால் பகல் இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்கும் ஊவாத் தோட்டத்துச் சகோதரர்களை வேண்டிக்கொள்கிறேன்: நீங்கள் அடுப்பை மூட்டுங்கள், தண்ணீரைப் பிடித்து வையுங்கள், பிள்ளைக்காம்பராவுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி வாருங்கள். ஐந்து மணிக்குப் படங்கை அவிழ்த்துவிட்டு அவள் திண்ணையில் உட்காரும்போது, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவள் கையிலே கொடுங்கள்.