விற்கத் தெரியாதவர் என்னும் பழி

புதியன காணும் ஆற்றலும் அவற்றை விற்கும் ஆற்றலும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதில்லை என்றும், தமிழ்க் கண்டுபிடிப்பாளர் பலர் மறக்கப்பட்டமைக்கு அவர்களது வணிக அறியாமையே காரணம் என்றும் பலரும் சொல்லிவருகின்றனர். தோல்விக்கான பொறுப்பு முழுவதையும் தனிமனிதரின் இயல்பின்மீது சுமத்தும் இக்கூற்று, பொருளை உற்பத்தி செய்யும் ஆலை யாருடைய கையில் இருந்தது என்னும் வினாவை எழுப்புவதேயில்லை.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையாவின் தமிழ்த் தட்டச்சுப் பொறி இக்கூற்றுக்கு நேர் எதிரான சான்றாகும். ஆங்கிலப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் எழுத்துப் பதிவதோடு தாளும் ஓரிடம் நகரும். ஆனால் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாமையால், பதிந்தும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’ என்னும் உத்தியை அவர் கையாண்டார். புள்ளியை முதலில் அடித்து, தாள் அசையாதிருக்க, அதன்கீழ் ககரத்தை அடித்தால் ‘க்’ என்பது கிடைக்கும்; கையெழுத்தில் புள்ளியை இறுதியில் இட்டுப் பழகிய விரலுக்கு இது தலைகீழான ஒழுங்கே. இவ்வமைப்பை வரைந்ததோடு நில்லாமல், ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரிலிருந்த சைடல் அன்ட் நௌமன் ஆலைக்குக் கட்டளை அனுப்பிப் பொறிகளைச் செய்வித்தவரும் அவரே. ‘பிஜோ’ என்னும் சிறிய பொறியும் அவ்வாலையிலிருந்து தமிழ் எழுத்துகளுடன் வந்தது.  இரண்டாம் உலகப் போரின் முடிவில் டிறெஸ்டன் சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் அடங்கியது. இதனை விற்பனைத் திறமையால் தடுத்திருக்க முடியாது.

தமிழருக்குச் சந்தை தெரியாது என்பதும் ஆராயாத பேச்சே. வேலணைத் தீவின் புளியங்கூடல், சரவணை, நாரந்தனை போன்ற தீவக ஊர்களிலிருந்து தென்னிலங்கைக்குச் சென்று கடை வைத்தோரை அறிந்தவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். சரக்கெடுக்கவும் கணக்கெழுதவும் கடன் அறவிடவும் கடையிலேயே பழகியோர் அங்கு ஏராளம். இல்லாதிருந்தது பொறி செய்யும் ஆலைதான்.

ஆலையும் முதலும் இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 1920இல் ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை வளர்த்த கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை வணிகம் அறியாதவர் என எவரும் சொல்லார். எனினும் 1952இல் அவர் உருவாக்கிய இருவர் அமரும் கார், அரசின் உற்பத்தி உரிமம் கிடைக்காமையால் சந்தைக்கு வரவில்லை.

தமிழரல்லாதார் ஒருவரையும் பார்ப்போம்: வானொலி அலைகளை உணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை, அதாவது கண்டுபிடிப்பின் பயனைக் குறித்த காலம்வரை உரியவருக்கே ஒதுக்கும் சட்ட உரிமை, பெற்ற வங்காள அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் அதனைப் பணமாக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அறிவை விலைப்பொருளாக்க விரும்பாதவரை விற்கத் தோற்றவர் பட்டியலில் சேர்ப்பது முறையன்று.

முத்தையா வென்றவரானால் அவர் பெயரைப் பலரும் அறியாதது ஏன் என்று வினவலாம். பெயரின் புகழும் பொருளின் பரவலும் வெவ்வேறானவை. பழைய தட்டச்சின் விசை ஒழுங்கைத் தழுவிய பாமினி எழுத்துருவில் இலங்கைத் தமிழர் கணினிக் காலத்திலும் நெடுநாள் எழுதிவந்தனர். புள்ளியை மட்டும் ககரத்துக்குப் பின் அடித்தனர்.