பழைய காயலும் நம் பழம்பெருமையும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தண்பொருநையின் கழிமுகத்துக்கு அணித்தாக அமைந்த சிற்றூர் பழைய காயல். ஓதம் ஏறும்போது உப்புநீர் ஓடைகளில் புகுவதும், வடியும்போது சேற்றுநிலம் வெளிப்படுவதும், உப்பளங்கள் வெயிலில் ஒளிர்வதும் கண்ணுக்கு இனியவை. கடலோடு தொடர்புடைய உப்பங்கழியையே காயல் என்னும் சொல் குறிக்கின்றது. இவ்வூரின் அழகில் நமக்கு வழக்கில்லை. இதன் வரலாற்றை நம்மவர் பேசும் முறையோடுதான் வழக்கு.

மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் இதுவே என்பார் ஒருவர். தெற்கேயுள்ள காயல்பட்டினமே என்பார் மற்றொருவர். மேடை அதிர்கின்றது, மலர்கள் அச்சாகின்றன, சான்று மட்டும் வரக் காணோம். நபிமொழி ஒன்றை எவரேனும் எடுத்துரைத்தால், "சனது என்ன? ராவி யார்?" என்று கேட்கும் சமுதாயம் நம்முடையது. அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கென்றே ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்னும் கலையை வளர்த்தவர்கள் நம் முன்னோர். ஊர்ப்பெருமை என்றதும் அக்கேள்விகளை நாம் மறந்துவிடுவது ஏன்?

அந்த உரைகல்லில் சான்றுகளை உரைத்துப் பார்ப்போம். 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்தவர் மார்க்கோ போலோ. ஹுர்முஸ், கீஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடு வந்த கப்பல்கள் காயலை அடைந்தன என்கிறார். அவர் கண்ட சாட்சி. எனினும் 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்ல, ருஸ்திச்செல்லோ எழுதியதே அந்நூல். ஷீராஸ் நகரத்து வஸ்ஸாபோ பாரசீகத்திலிருந்து எழுதியவர். ஆண்டுக்கு 10,000 குதிரைகள், விலை 22 இலட்சம் தீனார் என்று அவர் தரும் கணக்கை நம் பேச்சாளர்கள் அப்படியே ஒப்பிக்கின்றனர். வரலாற்றாசிரியர்கள் பேரெண்களை ஆராயாமல் ஏற்பதைத் தம் ‘முகத்திமா’வின் தொடக்கத்திலேயே இப்னு கல்தூன் கண்டித்திருப்பதை இவர்கள் அறியாரோ?

மூன்றாவது சாட்சி மண். பாதிரியார் கால்டுவெல் பழைய காயலைச் சுற்றிய வெளியெங்கும் ஓட்டுத்துண்டுகளையும் சீனப் பீங்கான் சிதறல்களையும் கண்டார். மேடுகளில் முத்துச்சிப்பி ஓடுகளும், சாதிலிங்கம், கந்தகம் போன்ற கடைச்சரக்குகளும், சில பழங்காசுகளும் கிடைத்தன. இவ்வூரே அந்தக் காயல் என அவர் முடிவு கட்டியது இவற்றைக் கொண்டே. நெல்லைச் சீமையின் வரலாற்றை 1881இல் அவர் நூலாகவும் வெளியிட்டார். நம் ஊரின் சான்றைத் திரட்ட வேற்று மதத்துப் பாதிரியார் ஒருவர் வெயிலில் நடந்தார். நாமோ நிழலில் அமர்ந்து பெருமை பேசுகின்றோம்!

சான்றை ஏற்பவர் முழுமையாக ஏற்க வேண்டும். மஅபர் எனப்பட்ட இக்கரையைப் பற்றி மார்க்கோ போலோ கூறும் மற்றொரு செய்தியை நம் மேடைகளில் எவரும் எடுப்பதில்லை. இங்கு வந்த குதிரைகள் பராமரிப்பு அறியாதார் கையில் மடிந்தனவாம். லாடம் கட்டிக் குதிரை வைத்தியம் செய்வோரை வணிகர்கள் இங்கு வரவிடவில்லையாம். குதிரை மடிந்தால்தானே புதுக்குதிரை விலைபோகும்! இதுவும் அதே ராவியின் கூற்றே. புகழுரைக்கு மட்டும் அவரை நம்பத்தக்கவராகவும், குறையுரைக்குப் பொய்யராகவும் கொள்வது எந்த உசூல்? உண்மையாயின், அளவையில் மோசம் செய்வோரை ‘அல்முதஃப்பிபீன்’ அத்தியாயத்தில் எச்சரிக்கும் வேதத்தை உடைய நாம் அதிலிருந்து பாடம் பெற வேண்டாமா?

இளைஞர்க்கு ஊக்கமூட்டப் பெருமை பேசினால் என்ன குற்றம் என்று சிலர் வினவுவர். ‘அத்தகாசுர்’ அத்தியாயத்தின் விளக்கவுரைகளைப் புரட்டட்டும். குறைஷியரின் இரு கிளையார் உயிருள்ளோரை எண்ணிப் பெருமையடித்துக்கொண்டு, அதுவும் போதாமல் கபுறுகளில் கிடப்போரையும் எண்ணினர் என்பது அங்கே அறிவிக்கப்படுகின்றது. முன்னோரின் எண்ணிக்கையால் எவரும் உயர்ந்ததில்லை.

ஆறு சுமந்து வந்த வண்டலால் கடல் விலகிற்று. கொற்கை தூர்ந்து காயல் எழுந்தது. காயல் தூர்ந்து தூத்துக்குடி எழுந்தது. துறையைத் தூர்த்தது ஆறு. எஞ்சிய சான்றைத் தூர்ப்பது நாம். பழைய மீஸான் கற்களின் மேல் சுண்ணாம்பையும் சிமிட்டியையும் பூசுகின்றோம். அறபுத் தமிழ் ஏடுகளைக் கறையானுக்கு விடுகின்றோம். பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல்லை அடித்தளத்தில் இட்டுப் புதைக்கின்றோம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊரின் மீஸான் கற்களைப் படித்துப் படியெடுக்கட்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டையும் வக்புப் பத்திரத்தையும் பட்டியலிடட்டும். மேடைக்கும் மலருக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு இதற்குப் போதும். ஊரை நேசிக்கின்றோம் என்பதற்குச் சனது அதுவே!