22-ஆம் நாள் யாருடைய பொறுப்பு?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மீண்டும் மீண்டும் காணக் கிடைக்கும் செயல்திட்டம் ஒன்று உண்டு: முட்டை அடைகாக்கும் பெட்டி. தெர்மகோல் பெட்டி, மின்விளக்கு, சிறு மின்விசிறி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி, ஒரு கிண்ணம் நீர் ஆகியவையே அதன் உறுப்புகள். அண்மைக் காலத்தில் அர்டுயினோ பலகையும் ஈரப்பத உணரியும் சேர்ந்துகொண்டுள்ளன. தேசியக் கல்விக் கொள்கை 2020 அனுபவவழிக் கற்றலை வலியுறுத்துவதால், இதை நியாயப்படுத்துவது எந்தப் பள்ளிக்கும் எளிது.

இச்செயல்திட்டத்தின் கல்வி மதிப்பை நான் மறுக்கவில்லை. கோழி முட்டைக்கு 21 நாள்கள். வெப்பநிலை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ். முதல் 18 நாள்கள் முட்டையை நாளுக்கு மூன்று முறையேனும் திருப்பி வைத்தல். பின்னர் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுதல். இவ்வளவு எளிய விதிகளுக்குள் வெப்பவியலும் கருவியலும் நுண்ணுயிரியலும் அடங்கியுள்ளன. அரிஸ்டாட்டில் முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்துத் துடிக்கும் இதயத்தைப் பதிவுசெய்தார். இன்றைய மாணவி ஒரு கைவிளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தே, ஓட்டை உடைக்காமல் அந்த இரத்தநாளங்களைக் காண்கிறாள். கடையில் வாங்கிய பண்ணை முட்டையிலிருந்து குஞ்சு ஏன் வருவதில்லை என்ற கேள்வியே ஒரு முழு வகுப்புக்குப் போதும்: சேவலில்லாத கூண்டுகளில் இடப்பட்ட முட்டைகளில் கரு இல்லை.

எனது கேள்வி 22-ஆம் நாளைப் பற்றியது. நான் வாசித்த செயல்திட்ட அறிக்கைகள் குஞ்சு வெளிவந்த நிழற்படத்தோடு முடிந்துவிடுகின்றன. பத்து முட்டைகளில் ஆறு பொரிந்தால் 'வெற்றி 60 விழுக்காடு' என்று எழுதுகிறோம். எஞ்சிய நான்கும் எந்த நாளில், எதனால் நின்றுபோயின என்பதற்கு ஒரு பத்தியும் இல்லை. பொரிந்த ஆறும் எங்கே சென்றன என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

உயிரியல் அந்த இடத்தில் நின்றுவிடுவதில்லை. குஞ்சு ஓட்டைவிட்டு வெளிவருமுன் எஞ்சிய மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் முதல் இரண்டு நாள்களைத் தீவனமின்றியே தாங்கும். அதன்பின் தீவனமும் நீரும் வேண்டும். முதல் வாரத்தில் 35 பாகையை ஒட்டிய வெதுவெதுப்பு வேண்டும். இறகு முளைக்கும்வரை அதை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்துவர வேண்டும். குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாக இருக்கும். நகர அடுக்ககத்தில் கூவும் சேவலை எந்த அண்டை வீட்டார் பொறுப்பர்? மேலும், 21 நாள்களுக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வரும், மின்தடையும் வரலாம். பூட்டிய ஆய்வகத்தில் வெப்பம் சில பாகைகள் மிகுந்தாலே கரு இறந்துவிடும் என்பதை எண்ணாமல் இச்செயல்திட்டத்தைத் தொடங்குவது அறிவியலும் அன்று.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகிறேன். 'அடைகாத்தல்' என்பதில் இரு கூறுகள் உள்ளன. 'அடை' என்பது கோழி முட்டைமேல் கிடக்கும் நிலை. 'காத்தல்' அதனோடு சேர்ந்த வினை. நம் பெட்டி முதற்கூறை மட்டுமே செய்கிறது, வெப்பத்தைத் தருகிறது. அடைக்கோழியோ குஞ்சு வெளிவந்த பின்னும் அவற்றைச் சிறகுக்குள் வைத்துக்கொள்கிறது, கிளறிக் காட்டித் தீனி பொறுக்கக் கற்பிக்கிறது, பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கிறது. இயந்திரத்தை வைத்துக் கோழியை விலக்கினால், அதன் 'காத்தல்' என்னும் பணி இல்லாமல் போய்விடுவதில்லை. அது நம்மிடம் வந்து சேர்கிறது. அதை ஏற்பவர் யார் என்று அறிக்கையில் எழுதப்பட வேண்டும்.

'முட்டைப் பொரியலும் கோழிக் குழம்பும் உண்ணும் நாட்டில் ஆறு குஞ்சுகளுக்காக இவ்வளவு வாதமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இது உணவுப் பழக்கம் பற்றிய வாதம் அன்று. பண்ணையாளர் தம் தொழிலை மறைப்பதில்லை. குஞ்சு எதற்காக, எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். பள்ளியோ ஓர் உயிரை வியப்பின் பெயரால் உருவாக்கிவிட்டு, அதன் பின்விளைவைக் குழந்தையின் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. சோதனை முடிந்தால் சோதனைப்பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்ற பாடத்தைக் குழந்தை சொல்லாமலே கற்றுக்கொள்கிறது.

உயர்கல்வியில் இந்தப் பாடத்தைத் திருத்த நாம் முயன்றிருக்கிறோம். விலங்குகள்மீது சோதனை செய்யும் ஆய்வாளர், அவை இறுதியில் என்னவாகும் என்பதையும் எழுதியே நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுகிறார். விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் விலக்கியது. மனிதரிடம் சொற்களைத் திரட்டும் என் போன்றோரும், தரவை எங்கே வைப்போம், எப்போது அழிப்போம் என்று கேட்கப்படுகிறோம். பள்ளியிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. அரசமைப்பின் 51-ஏ பிரிவு உயிர்களிடத்து இரக்கத்தையும் அறிவியல் மனப்பான்மையையும் அடுத்தடுத்த கூறுகளில் கடமைகளாகச் சொல்கிறது. அவ்விரண்டும் ஒரே வகுப்பறையில் கற்பிக்கப்பட வேண்டியவை.

எனவே பள்ளிகள் பின்பற்றத்தக்க மூன்று நெறிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது: முட்டையைப் பெட்டியில் வைக்குமுன் 22-ஆம் நாளுக்கான திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். குஞ்சுகளை ஏற்பவர் யார், சேவல்கள் எங்கே செல்லும், விடுமுறையில் பெட்டியைப் பார்ப்பவர் யார், தொட்டபின் சோப்பால் கை கழுவுவதை உறுதிசெய்பவர் யார் என்பன அதில் இடம்பெற வேண்டும். நடுவர்கள் அதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

இரண்டாவது: முட்டைகள் கோழி வளர்க்கும் ஒரு வீட்டிலிருந்து வந்து, குஞ்சுகளாக அந்த வீட்டுக்கே திரும்பட்டும். அப்போது அந்த வீட்டுப் பெண்மணியும் செயல்திட்டத்தின் ஆசிரியர்களுள் ஒருவராவார். கருக்கூடிய முட்டையையும் கூமுட்டையையும் பிரித்தறியும் அவரது சொற்களை, அவர் பேசும் மொழியிலேயே மாணவர் குறிப்பேட்டில் பதியட்டும். இந்தியாவின் எந்த மொழிப் பகுதியிலும் இதைச் செய்யலாம். எழுதப்படாத அறிவு வகுப்பறைக்குள் வர இது ஒரு வாயில்.

மூன்றாவது: இவை இயலாவிடின் பெட்டியே வேண்டாம். அருகிலுள்ள வீட்டில் அடையிலிருக்கும் கோழியை அதன் போக்கில் விட்டு, 7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் வீட்டாரின் இசைவோடு ஓரிரு முட்டைகளை விளக்கொளியில் பார்த்துவரலாம். அதே கருவியலை அங்கேயும் கற்கலாம். கூடுதலாக, காப்பவள் எப்படிக் காக்கிறாள் என்பதையும் காணலாம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பணிபுரியும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் நடுவராக அமரும்போது, பெட்டியின் சுற்றுப்படத்தைப் பார்த்தபின் அந்த மாணவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'இந்தக் குஞ்சுகள் நாளை எங்கே இருக்கும்?' அதற்கு விடை சொல்லத் தெரிந்த குழந்தையே இச்செயல்திட்டத்தை முடித்திருக்கிறது.