மயிரிழை இடைவெளி

விரைவுப் படகொன்று நீரைக் கிழித்துச் செல்வதைக் கரையில் நின்று காண்போர் அதன் எந்திரத்தின் குதிரைத்திறனை வியந்து பேசுவர். அவ்வெந்திரத்தின் கிராங்க் ஷாப்ட் என்னும் சுழல்தண்டுக்கும், அதனைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே எத்துணை இடைவெளி விடப்பட்டுள்ளது என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்விடைவெளி தலைமயிர் ஒன்றின் பருமனளவே. ஆயினும் அதனைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை எந்திரத்தையே அழிக்க வல்லது. இதுபற்றி எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

தண்டு பேரிங்கின்மீது உராய்ந்து சுழல்வதாகப் பலர் எண்ணுவர். 1883-ஆம் ஆண்டில் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியியலார், புகைவண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராயுங்கால், தாங்கியின் உச்சியில் இருந்த துளையை மரத்தக்கையால் அடைத்தார். அச்சு சுழலவே, எண்ணெய் அத்தக்கையை வெளியே தள்ளிவிட்டது. இதன் காரணத்தை 1886-இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். சுழலும் தண்டு, ஆப்புப்போற் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் எண்ணெயை இழுத்துச் செல்கின்றது. அங்கு எழும் அழுத்தமே தண்டைத் தாங்குகின்றது. இடைவெளி இன்றேல் எண்ணெய்ப் படலமும் இன்று.

இனி, அவ்விடைவெளி எவ்வளவு இருத்தல் வேண்டும்? இறுக்கமே நன்று என்பார் ஒருசாரார். தளர்வே நன்று என்பார் மற்றொரு சாரார். இறுக்கமான பேரிங்கில் தண்டின் பாரம் அகன்ற பரப்பிற் பரவும் என்பது மெய்யே. ஆனால் அதனூடே செல்லும் எண்ணெய் மிகக் குறையும். இடைவெளி இருமடங்காயின் எண்ணெயின் ஓட்டம் ஏறக்குறைய எண்மடங்காகும், பாதியாயின் எட்டிலொன்றாகும். வெப்பத்தை அகற்றிச் செல்வதும் அவ்வெண்ணெயே ஆதலின், இறுக்கம் மிகுந்தால் வெப்பமும் மிகும். தளர்வு மிகுந்தாலோ எண்ணெய் பக்கங்களில் வழிந்தோடும், அழுத்தம் குறையும், தண்டு பேரிங்கை இடிக்கும்.

படகின் எந்திரத்திற்குத் தனித்த இடர்கள் உண்டு. மோட்டார் வண்டி மேட்டில் ஏறினும் பள்ளத்தில் இறங்கி இளைப்பாறும். படகிற்கோ இறக்கம் என்பதில்லை. முழு வேகத்தில் செல்லும் வரையில் அது முடிவற்ற மேட்டில் ஏறும் வண்டியை ஒக்கும். அலைமீது தாவுங்கால் சுழல்விசிறி நீரைவிட்டு எழுந்து, மீண்டும் நீரில் விழுந்து தண்டை அதிரச் செய்யும். அன்றியும், வெளிநீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் எந்திரங்களில், குளிர்ந்த ஏரியில் எண்ணெய் தடித்தும், வெப்பக் கடலில் நீர்த்தும் நிற்கும். ஆகவே எண்ணெயையும் அதன் வெப்பநிலையையும் அறியாமல் இடைவெளியைக் குறிப்பது, நோயாளியைக் காணாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

தண்டின் விட்டத்தில் அங்குலம் ஒன்றுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தொழிலாளரிடையே வழங்கும் பழைய விதி. அமெரிக்க விரைவுப் படகுகள் பலவற்றிற் பயன்பட்ட செவ்ரோலே பிக் பிளாக் எந்திரத்தின் முதன்மைத் தாங்கிகளில் தண்டின் விட்டம் ஏறக்குறைய 2.75 அங்குலம். விதிப்படி இடைவெளி 0.00275 அங்குலம் ஆகும். மிகுதிறனுக்காகக் கட்டுவோர் மேலும் 0.0005 அங்குலம் கூட்டுவது வழக்கம். இவ்விதியைத் தொடக்கமாகக் கொள்ளலாம். முடிவாகக் கொள்ளலாகாது என்பதே எமது துணிபு. நீர்த்த எண்ணெய் இடுவோர் சற்றே இறுக்கலாம். தடித்த எண்ணெய் இட்டு நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டுவோர் சற்றே தளர்த்தலாம். அலுமினிய உடலமைந்த எந்திரம் சூட்டில் எஃகுத் தண்டினும் மிகுதியாக விரிவதால், அங்கே இடைவெளி தானே வளரும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஐயம் நீங்காதவிடத்து எப்பக்கம் சாய்வது? சற்றே தளர்ந்த பக்கம் சாய்வதே நன்று என்போம். தளர்ந்த பேரிங்கு அழுத்தமானியின் முள்ளாலும் ஒலியாலும் தன் குறையை முன்னரே பெரும்பாலும் உரைத்துவிடும். இறுகிய பேரிங்கோ முன்னறிவிப்பின்றிப் பற்றிக்கொள்ளும். நடுவழியில் நின்ற வண்டியைச் சாலையோரத்தில் நிழலில் நிறுத்தலாம்; கரையினின்றும் காற்று வீச, எந்திரம் நின்ற படகில் இருப்போர் எங்கே ஒதுங்குவர்?

ஆயினும் தேர்ந்த எண்ணும் அளக்கப்படாவிடிற் பயனில்லை. பேரிங்கை அதன் இடத்தில் அமைத்து, மூடியின் மரைகளைக் குறித்த விசையில் முடுக்கி, இரு பாதிகளும் கூடும் கோட்டிற்குச் செங்குத்தாக உள்விட்டத்தை அளத்தல் வேண்டும். தண்டை மைக்ரோமீட்டரால் அளத்தல் வேண்டும். இவ்விரண்டின் வேறுபாடே மெய்யான இடைவெளி. ஒரு தாங்கியை அளந்து மற்றவற்றை ஊகிப்பது சோம்பல்.

இவ்விடத்து எம் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். ஆய்வுக்கூடத்தில் விடை முன்னரே தெரிந்திருப்பதால், கருவி காட்டிய எண்ணை விடுத்து, புத்தகம் கூறிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல இயலுமோ? அங்கே இழப்பது மதிப்பெண் ஒன்றே. ஆனால் அப்பழக்கம் கையோடு தொழிற்சாலைக்கும் வரும். அங்கே பொய்யாக எழுதிய ஆயிரத்தில் ஒரு பங்கிற்கு, நாம் கண்டறியாத ஒருவர் நடுக்கடலில் விலை கொடுக்க நேரும். கண்டதைக் கண்டவாறு எழுதும் கையே எந்திரம் கட்டத் தகுதியுடைய கை.