பலகையில் ஒரு பெயர், வங்கியில் வேறு பெயர்

வங்கிக் கணக்கு அறிக்கையைக் கவனமாகப் பார்ப்பவர்களுக்கு அண்மைக்காலமாக ஒரு குழப்பம் நேர்கிறது. ஏதோ ஓர் உணவகத்துக்கு 640 ரூபாய் சென்றிருக்கும். அந்தப் பெயரில் எந்த உணவகத்திலும் சாப்பிட்ட நினைவே இருக்காது. இது திருட்டா, மறதியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. வாசலில் தொங்குவது வணிகப் பெயர். வங்கியில் பதிவாகியிருப்பது உணவகத்தை நடத்தும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர். ஒரே நிறுவனம் பல பெயர்களில் உணவகங்களை நடத்துவதும் உண்டு. சிறிய சிற்றுண்டிக் கடையின் க்யூஆர் அட்டை, உரிமையாளரின் மனைவி அல்லது மகன் பெயரில் இருக்கலாம். அட்டைப் பரிவர்த்தனையிலோ வணிகரின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து 40 எழுத்துகளுக்கே இடம். நீண்ட பெயர்கள் பாதியிலேயே துண்டிக்கப்படுகின்றன.

உண்மையை அறிய வழி இருக்கிறது. உணவக ரசீதில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால், சட்டப்பூர்வப் பெயரையும் வணிகப் பெயரையும் ஒருசேரக் காணலாம். யுபிஐ எனில், செயலியில் உள்ள நாள், நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றை அறிக்கையோடு ஒப்பிடலாம். ஆனால், சாப்பிட்ட ரசீதை மாத இறுதிவரை பாதுகாப்பவர்கள் எத்தனை பேர்?

இதைச் சிறு தொல்லை என ஒதுக்கிவிட முடியாது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர், வங்கி ஆகிய இரு தரப்பிலும் தவறின்றி மூன்றாம் தரப்பால் நிகழ்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாள்கள் எனில், சேமிப்புக் கணக்குதாரர் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை இழப்பை ஏற்க நேரிடும். அதற்கும் மேல் தாமதித்தால், அந்தந்த வங்கியின் கொள்கையே முடிவு செய்யும்.

பெயர்க் குழப்பம் இந்தப் பொன்னான நாள்களைத்தான் விழுங்குகிறது. விசாரித்துக்கொண்டே இருந்தால் கெடு கடந்துவிடும். அவசரப்பட்டுப் புகார் அளித்தால், நேர்மையான சிறு வணிகர் தனக்குரிய பணத்துக்கு விளக்கம் அளித்துக்கொண்டிருக்க வேண்டும். குறுஞ்செய்திகளைப் படிக்கத் தடுமாறும் முதியோருக்கு முதல் ஆபத்தே அதிகம்.

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத நிலையைப் பொருளியலில் 'தகவல் சமச்சீரின்மை' என்பர். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதே. இங்கே விவரம் பணப் பரிமாற்ற அமைப்பிடம் இருக்கிறது. அதைத் தேடும் செலவோ, அதைத் தாங்க இயலாத வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது.

தீர்வு கடினமானதன்று. கணக்கு அறிக்கையில் வணிகப் பெயர், ஊர், நேரம் மூன்றும் இடம்பெறுவதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். 'உங்கள் வங்கிக் கணக்கில் இப்பெயரில் பற்று காட்டப்படும்' என்று உணவகங்கள் ரசீதில் ஒரு வரி அச்சிடலாம்.

அதுவரை, ஒரு நாள் தேடியும் அடையாளம் தெரியாத பற்றை வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்வதே நன்று. மோசடி என உறுதியானால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். வாடிக்கையாளரே பொறுப்பு என்பதை நிரூபிக்கும் கடமையை அதே சுற்றறிக்கை வங்கியின்மீதுதான் சுமத்தியிருக்கிறது. தொகை சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. கேட்பது சலுகையன்று, உரிமை.